பினாங்கின் கலைத்தெருக்கள்



பாடாங் மேஹா, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில் பினாங்குக்குப் போகாத குடும்பம் உண்டா? தைப்பூசத்துக்குப் போகிறோம். தீபாவளிக்குத் துணிமணி எடுக்கப் போகிறோம். பெண்ணுக்குத் தாலி செய்ய, பேரப்பிள்ளைக்குத் தோடு வாங்க, பெரிய மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்க என்று ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருக்கிறது. போனால் என்ன செய்கிறோம்? ஃபெரியை விட்டு இறங்கியதும் நேரே கடைத்தெருவுக்கு நடக்கிறோம். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறோம்.

அந்தக் கடைத்தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் வேறொரு வட்டாரம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விமானம் ஏறி வருகிறார்கள். சுவர்களில் ஓவியங்கள், பழைய வீடுகளுக்குள் கைவினைப் பட்டறைகள், கைப்பட்ட பொருள்களை மட்டுமே விற்கும் சின்னஞ்சிறு கடைகள். "அதெல்லாம் சுற்றுப்பயணிகளுக்கு, நமக்கென்ன அங்கே வேலை?" என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். நமக்கு அங்கே வேலை இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

முதலில் வழியைப் பார்ப்போம். பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஃபெரிப் போக்குவரத்து 1894-ஆம் ஆண்டில் தொடங்கியது. காரையும் லாரியையும் வயிற்றில் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போன அந்தப் பெரிய கப்பல்கள் 2020-ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டு மாதம் முதல் புதிய ஃபெரிகள் ஓடுகின்றன. இவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் போகலாம், காருக்கு இடமில்லை. காரில் போகிறவர்கள் பட்டர்வொர்த்திலேயே அதை நிறுத்திவிட்டுப் போவது நல்லது. நாம் போகவிருக்கும் தெருக்கள் காருக்காகப் போடப்பட்டவை அல்ல.

ஃபெரி கரையை நெருங்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். நம் தாத்தா பாட்டிமாரில் பலர் இந்நாட்டில் முதன்முதல் கண்ட ஊர் இதுதான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் வந்து இறங்கினார்கள். ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் சில நாள் வைக்கப்பட்டு, அதன் பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை இந்த வழியில் ஓடியது. ஆகவே பினாங்குத் தெருவில் நாம் விருந்தாளிகள் என்று எண்ணிக் கூச வேண்டியதில்லை.

அந்தத் தெருக்களின் பெயர்களைக் கேட்டாலே அது எப்படிப்பட்ட ஊர் என்பது விளங்கிவிடும். பிந்தால் தாலி சாலை என்று ஒன்றிருக்கிறது. கயிறு திரிக்கும் இடம் என்பது அதன் பொருள். இன்று குருத்துவாரா சாலை எனப்படுவது முன்பு செங்கல் சூளைச் சாலை. அர்மேனியன் தெருவைச் சீனர்கள் செம்பு தட்டுவோர் தெரு என்று தங்கள் மொழியில் சொன்னார்கள். பாசார் தெரு நமக்குக் கடைத்தெரு. கிங் தெருவின் ஒரு பகுதியைப் படவுக்காரர் தெரு என்று நம்மவர் அழைத்தார்கள்; துறைமுகத்தில் படகு வலித்த தமிழர்கள் அங்கே குடியிருந்தார்கள். கவனியுங்கள், நேயர்களே! ஆளுநர்களின் பெயரை அரசாங்கம் வைத்தது. மக்களோ அங்கே கை என்ன வேலை செய்ததோ அதையே பெயராக வைத்தார்கள். 'கலை வட்டாரம்' என்று இன்று புதிதாகச் சொல்கிறார்கள். கைவேலை வட்டாரமாக அது இருநூறு ஆண்டுகளாகவே இருந்து வந்திருக்கிறது.

அப்படியானால் இத்தனை பழைய கட்டடங்கள் இடிபடாமல் எப்படித் தப்பின? கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய தெருக்கள் பல போய்விட்டனவே? விடை சற்று விசித்திரமானது. பினாங்குப் பட்டணத்தின் பழைய தெருக்களைக் காத்தது செல்வமன்று, தேக்கம்.

1969-இல் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த வியாபாரம் படுத்தது. 1972-இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை தொடங்கியது. இளைஞர்கள் வேலை தேடி அந்தப் பக்கம் போனார்கள். பழைய பட்டணத்தில் மிஞ்சியவர்கள் வயதானவர்களும் சிறு தொழிலாளிகளுமே. அவர்களை அங்கே வைத்திருந்தது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வீட்டுக்காரர் இஷ்டப்படி வாடகையை உயர்த்த முடியாது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. ஒரு தகரப் பட்டறைக்காரர், ஒரு தையற்காரர், ஊதுவத்தி உருட்டுகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர் ஆகியோர் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்த முடிந்தது இதனால்தான். வாடகை வராததால் வீட்டுக்காரர் கூரையைப் பழுது பார்க்கவில்லை என்பது இதன் மறுபக்கம். எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு மறுபக்கம் இருக்கத்தான் செய்கிறது.

அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. இடைக்காலம் கழிந்து 2000 சனவரி முதல் நாள் கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. ஆயிரக்கணக்கான பழைய வீடுகளின் வாடகை சந்தை நிலவரத்துக்குத் தாவியது. பலர் மூட்டை கட்டினார்கள். எஸ்டேட் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோதும் லயத்தைக் காலி செய்தவர்களுக்கு, அந்த நாளின் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை.

பிறகு 2008 சூலை 7-ஆம் நாள் ஐக்கிய நாட்டுக் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலக மரபுரிமை நகரங்களாகப் பட்டியலிட்டது. ஜார்ஜ் டவுனில் காக்கப்படும் மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டர். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் 270 ஏக்கர். ஒரு பெரிய தோட்டத்தில் ஒரு டிவிஷன் அளவுகூட இராது. இந்த 270 ஏக்கருக்குள் 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833-இல் அமைந்த மகா மாரியம்மன் கோயில், சீனக் கோயில்கள், கிறித்தவத் தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. அந்தப் பள்ளிவாசலை நிறுவியவர் தமிழகத்திலிருந்து வந்த காதர் முகைதீன் என்ற வணிகர்.

இனி ஓவியங்களுக்கு வருவோம். பட்டியலில் இடம் பெற்ற மறு ஆண்டே, 2009-இல், தெருக்களின் கதையைச் சொல்லும் கலைப்பொருள் வேண்டுமென்று மாநில அரசு ஒரு போட்டி வைத்தது. வென்ற குழுவினர் இரும்புக் கம்பியை வளைத்துக் கேலிச் சித்திரம் போலச் செய்து சுவர்களில் பொருத்தினார்கள். மொத்தம் 52 சித்திரங்கள். ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் ஒரு செய்தியைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. சூ ஹோங் சந்தில், 'வழி ரொம்பக் குறுகல்' என்கிற கருத்தில் ஒரு திரிஷா சிக்கிக்கொண்டு நிற்கும். மந்திரி தெருப் பக்கம் ஒன்றில் காலணி கலைஞர் ஜிம்மி சூவைக் காட்டுகிறார்கள். உலகப் பணக்காரப் பெண்கள் அணியும் காலணிகளுக்குப் பெயர் கொடுத்த அவர், 1948-இல் பினாங்கில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, இங்கே ஒரு செருப்புக் கடையில் தொழில் பழகியவர். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தச் சித்திரத்தின் முன் சற்று நேரம் நின்று இந்தக் கதையைச் சொல்லலாம்.

2010-இல் ஜார்ஜ் டவுன் கலைவிழா தொடங்கியது. 2012-ஆம் ஆண்டு விழாவுக்காக லித்துவேனியா நாட்டு இளைஞர் எர்னஸ்ட் ஸகாரெவிச் சில சுவரோவியங்களை வரைந்தார். அர்மேனியன் தெருவில் ஒரு சிறுமி சைக்கிள் மிதிக்கிறாள். தம்பி பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். பிள்ளைகள் இருவரும் ஓவியம். சைக்கிளோ சுவரில் பதித்த நிஜ சைக்கிள். ஆ குவீ தெருவில் ஒரு பையன் நிஜமான பழைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறான். அந்தச் சைக்கிளில் ஏறுவதுபோல நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. ஒரு பழைய சைக்கிளுக்கு இவ்வளவு மவுசா என்று நம் பெரியவர்கள் வியக்கலாம். காரணம் உண்டு. அந்த ஓவியத்தில் ராஜா இல்லை, கடவுள் இல்லை, தலைவர் இல்லை. அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். லயத்து வாசலில் நாள்தோறும் நாம் கண்ட காட்சிதான். அது சுவரில் ஏறியதும் உலகம் வந்து பார்க்கிறது.

2013-இல் வேறு சிலர் தெருப்பூனைகளிடம் இரக்கம் காட்டச் சொல்லிப் பூனைகளை வரைந்தார்கள். ஜூலியா வோல்ச்கோவா என்ற ரஷ்யப் பெண் ஓவியர் இந்தியப் படகோட்டி ஒருவரை ஒரு சுவர் முழுக்கத் தீட்டினார். படவுக்காரர் தெருவில் வாழ்ந்த நம்மவரை ஒரு ரஷ்யப் பெண் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது பாருங்கள்!

இந்தச் சுவர்களைத் தொடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவை செங்கல்லின் மேல் சுண்ணாம்புக் காரை பூசியவை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டையோ கெட்டியான சாயத்தையோ பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுக் காரை உப்பி உதிரும். அதனால் கண்ட சுவரில் எல்லாம் ஓவியம் போடுவது நல்லதன்று என்று மரபுரிமைக் கட்டடங்களைப் பழுது பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். மழையும் வெயிலும் சேர்ந்து ஓவியத்தையும் ஆண்டுக்காண்டு மங்கச் செய்கின்றன. நீங்கள் போகும்போது ஒன்றிரண்டு மறைந்தும் போயிருக்கலாம். சுவரோவியத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

ஓவியங்களைப் பார்த்தபின் கொம்தார் கோபுரத்தைக் குறியாக வைத்து நடந்தால், அந்தச் செங்கல் சூளைச் சாலையில் ஹின் பஸ் டிப்போ இருக்கிறது. 1947-இல் ஒரு பஸ் கம்பெனியின் கொட்டகையாகக் கட்டப்பட்டது. பஸ்கள் போனபிறகு கூரை சரிந்து புல் முளைத்துக் கிடந்தது. 2014 சனவரியில் ஸகாரெவிச்சின் ஓவியக் கண்காட்சியோடு அது கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. சரிந்த கூரையை மீண்டும் போடாமல், அந்த வெட்டவெளியை அப்படியே புல்தரையாக விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு சந்தை கூடுகிறது. நம் பாசார் மாலாம் போல இரைச்சல் இராது. வீட்டில் சுட்ட ரொட்டி, கையால் தைத்த பை, களிமண் கோப்பை, சோப்பு, நோட்டுப் புத்தகம், செடி, சிறு ஓவியம் என்று விற்கிறார்கள். செய்தவரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பலமுறை காணலாம். பேரங்காடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே சட்டையைத் தைத்தவர் யார் என்று விற்பவருக்கே தெரியாது.

சரி, நம் கடைத்தெரு? அங்கே கலை இல்லையா? கலைத்தெரு வரைபடங்களை அச்சிடுகிறவர்கள் சுவரோவியத்துக்குக் கொடுக்கும் இடத்தைப் பூக்கட்டுகிறவருக்குக் கொடுப்பதில்லை. இது எங்களுக்கு உடன்பாடில்லை. பாசார் தெரு, குவீன் தெரு, பினாங்கு தெரு மூலைகளில் ஒரு மாலைப் பொழுது நின்று பாருங்கள். வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு, இரண்டு பூ அந்தப் பக்கம், இரண்டு பூ இந்தப் பக்கம் என்று பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டே கட்டுகிறார்கள். கல்யாண மாலையில் சம்பங்கியையும் ரோஜாவையும் மாற்றி மாற்றி அடுக்கி, சரிகை சுற்றி, நடுவில் குஞ்சம் வைக்கும்போது நிறங்களைச் சேர்க்கும் கண் ஓவியனுடைய கண்தான். நாகூர் தர்காவை ஒட்டிய சிறு கடைகளில் தமிழ் முஸ்லிம்கள் பல்லாண்டு சொங்கோக் தொப்பி தைத்து வந்தார்கள். தலையின் சுற்றளவை நாடாவால் அளந்து, கெட்டி அட்டையை உள்ளே வைத்து, வெல்வெட்டை அதன் மேல் சுருக்கமில்லாமல் இழுத்துத் தைக்க வேண்டும். ஒரு நூல் தப்பினாலும் தொப்பி கோணிக்கொள்ளும். இதைச் செய்தவர் தம்மைக் கலைஞர் என்று ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை.

தொழில் எப்போது கலையாகிறது? இதற்குப் பினாங்கிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சுவா தியன் தெங் என்பவர் சீனாவில் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர், 2008-இல் மறைந்தார். போருக்குப் பிந்திய காலத்தில் பாத்திக் துணிப் பட்டறை வைத்தார். தொழில் கைகொடுக்கவில்லை. பட்டறை போனாலும் மெழுகும் சாயமும் கையில் இருந்தன. கற்ற வித்தை இருந்தது. பாத்திக் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? உருக்கிய மெழுகைச் சாந்திங் என்னும் சிறு மூக்குள்ள கருவியில் எடுத்துத் துணிமேல் கோடு போடுவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு சாயம் தோய்த்து, மறுபடி மெழுகு போட்டு, வேறு சாயம் தோய்த்து, கடைசியில் வெந்நீரில் மெழுகை நீக்குவார்கள். கைலிக்குப் பயன்பட்ட இந்த முறையைச் சுவா சட்டம் போட்டு மாட்டும் ஓவியத்துக்குப் பயன்படுத்தினார். மீனவர், தாயும் பிள்ளையும், கிராமத்துப் பெண்கள் அவர் துணியில் ஏறினார்கள். நவீன பாத்திக் ஓவியத்தின் முன்னோடி என்று உலகம் அவரை மதித்தது. அதே மெழுகு, அதே சாயம், அதே கை. கைலிக்குப் போட்ட கோட்டை அவர் தாம் கண்ட மனிதர்களுக்குப் போட்டார், அவ்வளவுதான்.

இப்போது நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். தோட்டத்து அக்கா ஒருவர் ஒயர்கூடை பின்னுகிறார். இன்னொரு வீட்டில் தென்னங்குருத்தில் கிளியும் பூவும் மடித்துத் தோரணம் கட்டுகிறார்கள். தைப்பூசம் நெருங்கினால் இளைஞர்கள் மயிலிறகும் சித்திர அட்டையும் கொண்டு காவடி கட்டுகிறார்கள். வாசலில் புள்ளி தவறாமல் கோலம் விழுகிறது. இவற்றுக்கெல்லாம் விலை என்ன? பெரும்பாலும் "சும்மா செய்து கொடு தங்கச்சி" என்பதுதான் விலை!

ஒயர்கூடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-இல் இந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 17 காசு. நடுத்தரக் கூடை ஒன்று பின்னப் பத்து மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கூலி மட்டும் 81 வெள்ளி 70 காசு. ஒயருக்கு 15 வெள்ளி என்றால் அடக்கவிலையே 96 வெள்ளி 70 காசு. நம் ஆட்களிடம் 40 வெள்ளி சொன்னாலே, "கடையில் பிளாஸ்டிக் கூடை 10 வெள்ளிக்குக் கிடைக்கிறதே" என்பார்கள். 40-க்கு விற்றால், ஒயர் போக 25 வெள்ளி. பத்து மணி நேரத்துக்கு மணிக்கு இரண்டரை வெள்ளி. எஸ்டேட்டில் யாராவது இந்தக் கூலி கொடுத்தால் சங்கத்துக்குப் போயிருப்போம். நம் வீட்டுப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே அதைக் கொடுத்துக்கொள்கிறார்கள்.

கலைத்தெருவில் கைப்பொருள் ஏன் இவ்வளவு விலை என்று முகம் சுளிக்குமுன் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரானாக்கான் பெண்கள் அணியும் மணி கோத்த செருப்பின் மேல்துணியைப் பாருங்கள். கடுகளவு கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் எடுத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் தைக்கிறார்கள். ஒரு ஜோடிக்கு வாரக்கணக்கில் ஆகும். அதை நூறு வெள்ளிக்குக் கேட்டுப் பேரம் பேசுவது முறையாகுமா? வாங்க முடியாவிட்டால் பார்த்து மகிழலாம், அதற்குக் கட்டணமில்லை.

ஆனால் ஏமாறவும் கூடாது. அந்தச் சைக்கிள் பிள்ளைகளின் படத்தை அச்சடித்த காந்தம், சாவிக்கொத்து, சட்டை எல்லாம் தெருவெங்கும் தொங்குகின்றன. எங்கோ ஓர் ஆலையில் ஆயிரக்கணக்கில் அடித்தவை. அவற்றுக்குக் கைவினை விலை கொடுக்கத் தேவையில்லை. கைப்பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மாதிரிப் பொருள் இரண்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கையால் செய்தவை இரண்டும் அச்சாக ஒன்றுபோல இரா. பாத்திக் துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகிட்டுச் சாயம் தோய்த்ததில் மறுபக்கமும் நிறம் பிடித்திருக்கும். வெறும் அச்சுத் துணியில் மறுபக்கம் வெளுத்திருக்கும். எல்லாவற்றிலும் எளிய வழி, "இதைச் செய்தவர் யார்? எப்படிச் செய்தார்?" என்று கேட்பது. தெரிந்தவர் ஆசையாகச் சொல்வார். தெரியாதவர் விலையை மட்டும் சொல்வார்.

நம் கைவேலைக்கும் இந்தத் தெருவுக்கும் என்ன உறவு என்று இனி யோசிக்கலாம். பத்து மணி நேரக் கூடையை 97 வெள்ளிக்கு விற்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே கடை போடுகிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கவனித்தோமானால் இரண்டு தந்திரம் தெரிகிறது. பெரிய பொருளைக் காட்சிக்கு வைத்து, ஒரு மணி நேரத்தில் முடியும் சிறிய பொருளை விற்கிறார்கள். கூடைக்குப் பதில் கைப்பேசி வைக்கும் சிறு ஒயர்ப்பை என்றால், பத்துப் பன்னிரண்டு வெள்ளி யாருக்கும் கனமாகத் தோன்றாது. பின்னியவருக்கும் கூலி தேறும். மற்றொன்று, பொருளை விற்காமல் வித்தையை விற்பது. ஐந்தாறு பேரை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் கற்றுக்கொடுத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். பாத்திக்கும் மணித் தையலும் இப்படிக் கற்றுக்கொடுக்கப்படுகின்றன. கோலத்தையும் பூக்கட்டலையும் தோரண மடிப்பையும் ஏன் கற்றுக்கொடுக்கக் கூடாது? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வளர்ந்த பெண்ணுக்கு மலாய் தெரியும், ஓரளவு ஆங்கிலமும் தெரியும். வாய் திறக்கும் துணிச்சல்தான் வேண்டும்.

கடையில் பொருளை வைத்துவிட்டு வர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் கடைக்காரருக்கு ஒரு பங்கு போகும். அந்தப் பங்கு எவ்வளவு, பணம் எந்தத் தேதியில் வரும், பொருள் அழுக்கானாலோ தொலைந்தாலோ யார் பொறுப்பு என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. கங்காணி காலத்துத் துண்டுக் கணக்கு நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓவியம் வந்தது, கூட்டம் வந்தது. கூட்டத்தின் பின்னால் வாடகையும் ஏறி வந்தது. பழைய கடைவீடு ஒன்று காப்பிக்கடையாகவோ தங்கும் விடுதியாகவோ மாறினால் தகரம் தட்டுகிறவர் கொடுக்கும் வாடகையைப் போலப் பல மடங்கு வருமானம் வருகிறது. வீட்டுக்காரரைக் குறைசொல்லியும் பயனில்லை. கூரைக்கு ஓடு மாற்றவே பெரும் பணம் ஆகிறது. ஆனால் தொழிலாளி வெளியேறிய பிறகு சுவரில் தொழிலாளியின் படம் மட்டும் மிஞ்சினால் அந்தத் தெருவில் பார்க்க என்ன இருக்கும்? பட்டணத்தில் இதைக் குறித்துப் பேசுகிறவர்கள் உண்டு. மூத்த கைவினைஞர்களின் தொழிலைப் பதிவு செய்யும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. பதிவு செய்தால் நினைவு நிற்கும். தொழில் நிற்க வேண்டுமானால் ஒரு சொங்கோக்கோ ஒரு முழம் பூவோ செய்தவரிடமே வாங்குகிற ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கச் சுற்றுப்பயணியைவிட நமக்கே வசதி அதிகம். அவர் வாழ்நாளில் ஒருமுறை வருகிறார். நாம் ஆண்டுக்கு நாலு முறை போகிறோம்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். காலையில் முதல் வேலையாக அர்மேனியன் தெருப்பக்கம் போய்விட்டால் வெயிலும் கூட்டமும் ஏறுமுன் ஓவியங்களைப் பார்த்துவிடலாம். சாலையில் இறங்கி நடக்காமல் கடைவீடுகளின் முன்னால் போகும் ஐந்தடிப் பாதையில் நடங்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கத்தான் அந்தக் காலத்தில் அதைக் கட்டாயமாக்கினார்கள். சில வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும், காயப்போட்ட துணியைப் படம் பிடிப்பதும் வேண்டாம். லயத்தில் நம் வீட்டை யாராவது அப்படிப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? சந்தை பதினொரு மணி வாக்கில் களைகட்டும். உள்ளே போகக் கட்டணமில்லை. படிக்கிற பிள்ளைகள் உடன் வந்தால், சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றலாம்; விலை மலிவு, கிளறத்தான் பொறுமை வேண்டும். கடைத்தெருவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூக்கட்டுகிறவர்கள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் அது. அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றால், நாரை எப்படி முடிச்சிடுகிறார்கள் என்பதை உங்கள் பெண்பிள்ளைக்கு அவர்களே காட்டிக் கொடுப்பார்கள்.